ஷெப்பர்டால் முடியாதவை

மாஸ் எஃபெக்ட் தொடரின் கதையைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆளுக்கொரு கருத்து இருக்கும். மூன்றாம் பாகத்தின் முடிவைப் பற்றிய சண்டை இன்றுவரை ஓயவில்லை. ஆனால் ஆயுதங்கள், கிளாஸ்கள் என்று வந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். 2007இல் வந்த முதல் பாகத்தில் சமநிலை என்ற ஒன்றே கிடையாதாம். 2010இல் வந்த இரண்டாம் பாகம் துப்பாக்கிச் சண்டையைச் சீராக்கியதாம். ஆனால் கடினமான நிலையில் அடெப்டின் கையைக் கட்டிப்போட்டுவிட்டு சோல்ஜரை ராஜாவாக்கிவிட்டதாம். 2012இன் மூன்றாம் பாகம் யார் வேண்டுமானாலும் எந்தத் துப்பாக்கியையும் எடுத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டு எல்லாக் குறையையும் தீர்த்ததாம். 2021இன் மறுபதிப்பான லெஜண்டரி எடிஷன் அதே மருந்தை முதல் பாகத்துக்கும் புகட்டியதாம்.

என் கட்சி நேர் எதிரானது. தொடரிலேயே ஆயுதமும் கிளாஸும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தி நின்றது அந்தப் பழிசுமந்த இரண்டாம் பாகத்தில்தான். அதற்குப் பிறகு வந்த திருத்தங்கள் சமநிலையைக் கூட்டவில்லை, கிளாஸ்களைக் கரைத்தன.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக: கனடாவின் பயோவேர் நிறுவனம் செய்த தொடர் இது. முதல் மூன்று பாகங்களிலும் நாயகன் அல்லது நாயகி கமாண்டர் ஷெப்பர்ட். பெரும்பாலான சண்டைகளுக்கு இரண்டு தோழர்கள் உடன் வருவார்கள். ஆட்டம் தொடங்கும்போதே ஆறு கிளாஸ்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சோல்ஜருக்குத் துப்பாக்கி, என்ஜினியருக்கு மின்னணுத் தொழில்நுட்பம், அடெப்டுக்குத் தொடாமலேயே ஆளைத் தூக்கி வீசும் பயோட்டிக் சக்தி. இந்த மூன்றையும் இரண்டிரண்டாகக் கலந்தால் இன்ஃபில்ட்ரேட்டர், வான்கார்ட், சென்டினல். ஷெப்பர்ட் எதைக் கற்றவர் என்பதைச் சொல்வது கிளாஸ். அதைவிட முக்கியமாக, எதைக் கற்காதவர் என்பதையும் அதுதான் சொல்ல வேண்டும். அந்தக் கற்காத இடத்தில் நிற்கத்தான் கூட இரண்டு பேர் வருகிறார்கள். ஆகவே இந்த ஆட்டத்தில் சமநிலையை அளப்பதென்றால் மூன்று பேரையும் சேர்த்து அளக்க வேண்டும். ஊரார் ஷெப்பர்டை மட்டும் தராசில் ஏற்றிவிட்டு முள் சாய்ந்திருக்கிறது என்று கூச்சல் போடுகிறார்கள்.

முதல் பாகத்தின் மேலுள்ள குற்றச்சாட்டை நான் மறுக்கப் போவதில்லை. அதில் துப்பாக்கிக்குத் தோட்டா தீராது, சூடேறினால்தான் நின்றுபோகும். கடைசிக் கட்டத்தில் ஸ்பெக்டர் வகைத் துப்பாக்கியை வாங்கி, சூட்டைத் தணிக்கும் உதிரிப் பாகங்களில் உயர்ந்தவற்றைப் பூட்டிவிட்டால் அது சூடேறுவதே இல்லை. விரலை எடுக்காமல் சுட்டுக்கொண்டே போகலாம். சோல்ஜரின் ‘இம்யூனிட்டி’ திறமையை உயர்த்திவிட்டால் குண்டுகள் மழைத்தூறல் மாதிரி. அடெப்ட் ‘லிஃப்ட்’டும் ‘சிங்குலாரிட்டி’யும் போட்டால் ராட்சத உடல்கொண்ட குரோகன் இனத்தானும் கூரையைப் பார்த்தபடி மிதப்பான். எல்லாம் உண்மை. ஆனால் இதில் எந்தக் கிளாஸுக்கு அநியாயம் நடந்தது? ஒவ்வொருவரும் ஒருவிதத்தில் வெல்லமுடியாதவர் ஆகிவிடுகிறார்கள். அங்கே கெட்டுப்போனது என்னவென்றால், கடைசி மணிநேரங்களில் ஆறு கிளாஸும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. தோழர்கள் சும்மா பின்னால் ஓடி வருகிறார்கள்.

அதே முதல் பாகத்தின் தொடக்கம் அப்படியில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. சோல்ஜராக ஆடினால் பூட்டிய பெட்டியைத் திறக்க உங்களுக்குத் தெரியாது. தாலி போன்ற தொழில்நுட்பம் தெரிந்த தோழரை அழைத்துப் போனால்தான் அது திறக்கும். சண்டைக்கு ரெக்ஸ் வேண்டும், பெட்டிக்குத் தாலி வேண்டும், பயோட்டிக்குக்கு லியாரா வேண்டும், இடமோ இரண்டு. விண்கலத்தை விட்டு இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்குப் போட வேண்டியிருந்தது. பயிற்சி இல்லாத கிளாஸ் ஸ்னைப்பரைக் கையில் எடுக்கலாம், குறி நிற்காது. அது ஆட்டக்காரரைக் கொடுமைப்படுத்துகிறது என்று சொல்லி, லெஜண்டரி எடிஷன் அந்தத் தடையை எடுத்துவிட்டது. ஆயுதப் பயிற்சியில் புள்ளி போடுவது மட்டும் இன்னமும் கிளாஸைப் பொறுத்தது. துப்பாக்கியை எடுத்துச் சுட எவருக்கும் தடையில்லை. பரவலான வரவேற்பு. எனக்கோ அது வீட்டுச் சுவரை இடித்துவிட்டு அறை பெரிதாகிவிட்டது என்று மகிழ்வது போலத்தான் பட்டது.

இனி பெரிய வழக்குக்கு வருவோம்: இரண்டாம் பாகத்து அடெப்ட்.

இந்தப் பாகத்தில் எதிரிகளுக்கு உயிர்க்கோட்டுக்கு மேலே பாதுகாப்பு அடுக்குகள் உண்டு. நீலக்கோடு ஷீல்ட், ஊதாக்கோடு பயோட்டிக் பேரியர், மஞ்சள்கோடு ஆர்மர். அடுக்கு இருக்கும்வரை ‘புல்’ போட்டாலும் ‘த்ரோ’ போட்டாலும் ஆள் அசையமாட்டான். ‘இன்சானிட்டி’ என்ற உச்ச நிலையில் அனேகமாக எல்லா எதிரிக்கும் ஏதாவது ஓர் அடுக்கு இருக்கும். எனவே அடெப்டின் சக்திகளில் பாதி செல்லாக்காசு, ஆயுதமோ கைத்துப்பாக்கியும் சிறு எந்திரத் துப்பாக்கியும்தான், பிறகு எதற்கு அந்தக் கிளாஸ் என்பது வாதம். கேட்க நியாயமாக இருக்கும். ஒமேகா விண்நிலையத்தில் கேரஸ் என்ற தோழரை மீட்கும் அந்தப் பாலத்தில் நின்று பார்த்தால் அந்த நியாயம் எங்கே ஓட்டையாகிறது என்று தெரியும்.

மூன்று கூலிப்படைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எக்லிப்ஸ் படையினர் இயந்திர மனிதர்களை முன்னே விட்டுப் பாலத்தைக் கடக்கிறார்கள். நீங்கள் அடெப்ட்; உடன் தோழர்களாக மிராண்டாவும் ஜேக்கப்பும். எதிரில் தடுப்புக்குப் பின்னால் நீலக்கோட்டோடு ஒருவன். ஆட்டத்தை நிறுத்தி, மூவரின் சக்திகளையும் ஏவும் ஆணைச் சக்கரத்தைத் திறக்கிறீர்கள். மிராண்டாவின் ‘ஓவர்லோட்’ பட்டதும் ஷீல்ட் சடசடவென்று பொசுங்குகிறது. ஜேக்கப்பின் ‘புல்’ தடுப்பைச் சுற்றி வளைந்து போய் அவனை அந்தரத்தில் தூக்குகிறது. அந்தரத்தில் இருப்பவன்மேல் உங்கள் ‘வார்ப்’ விழுகிறது, வெடிக்கிறது, அவனுக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்தவனையும் சேர்த்துப் பதம் பார்க்கிறது. மூன்று பேர், மூன்று வேலை, இரண்டு மூன்று நொடி.

இதில் கவனிக்க வேண்டியது நேரக் கணக்கு. இரண்டாம் பாகத்தில் ஷெப்பர்ட் ஒரு சக்தியைப் பயன்படுத்தினால் மற்ற எல்லாச் சக்திகளும் சேர்ந்து சிறிது நேரம் பூட்டிக்கொள்ளும். தனி ஆளாகப் பார்த்தால் அடெப்ட் மிக மெதுவானவர்தான். ஆனால் மிராண்டாவின் கூல்டவுன் வேறு, ஜேக்கப்பின் கூல்டவுன் வேறு. மூன்று கடிகாரங்களையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஓடவிடத் தெரிந்தவருக்கு அடெப்ட் மெதுவானவர் இல்லை. பலவீனம் என்று ஊரார் சொல்வது ஒற்றை ஆளாக ஆடுபவரின் பலவீனம். அவர் தோழர்களை மறந்துவிட்டு அடெப்டைக் குறை சொல்கிறார்.

அடுத்து, கீழ்த்தளத்துக் கதவுகள் வழியாக இரண்டாவது படையான பிளட் பேக் வருகிறது. குரோகன்களின் மஞ்சள்கோட்டில் ஓவர்லோட் வேலைக்காகாது. இப்போது உங்கள் வார்ப்தான் ஆர்மரைத் தின்ன வேண்டும். மோர்டின் என்ற தோழரை அழைத்து வந்திருந்தால் அவருடைய நெருப்பு ஆர்மரையும் உரிக்கும், காயம் தானே ஆறுவதையும் நிறுத்தும். அழைத்து வராவிட்டால் அழைத்து வந்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். அப்படி நினைக்க வைப்பதுதான் இந்த ஆட்டத்தின் வடிவமைப்பு. மூன்றாவதாகப் புளூ சன்ஸ், மறுபடி ஷீல்ட். ஒரே கட்டடம், ஒரே மணிநேரம், எதிரியின் உறை மாறுவதால் மட்டுமே உங்கள் முன்னால் வேறு வேறு கேள்விகள். அந்த அடுக்குகள் இல்லாவிட்டால் மூன்று படைக்கும் சட்டை நிறம்தான் வித்தியாசம்.

‘சிங்குலாரிட்டி’ பயனற்றது என்பதும் பாதி உண்மைதான். அடுக்கு இருப்பவனை அது தூக்காது. ஆனால் தடுமாற வைத்து வழியிலேயே நிறுத்திவிடும். குறுகலான வாசலில் ஒன்றைப் போட்டுவிட்டால் அந்த வாசல் சிறிது நேரத்துக்கு உங்களுடையது. ஆளைக் கொல்லாத ஒரு சக்தி இடத்தைப் பிடித்துத் தருகிறது. சேதப் பட்டியலில் இதற்கு எண் கிடையாது. அதனால் பட்டியல் பார்த்துப் பேசுபவர்களின் கண்ணில் படுவதும் இல்லை.

குறையே இல்லை என்று சாதிக்க மாட்டேன். ஷீல்டில் நூலளவு மிச்சமிருந்தாலும் புல் முழுக்க வீணாகிறது. முக்கால்வாசி உரிந்தவன் கொஞ்சமாவது தள்ளாட வேண்டாமா? அது சோம்பேறித்தனமான விதி. ஹொரைசன் காலனியில் இன்சானிட்டி நிலையில் கடைசியாக வரும் பிரீட்டோரியன் எந்தக் கிளாஸுக்கும் எந்தக் கேள்வியும் வைப்பதில்லை. பெரிய பேரியர், பெரிய ஆர்மர், பொறுமை இருக்கிறதா என்று சோதிப்பதோடு சரி. தொடக்கத்தில் ஒவ்வொரு கிளாஸுக்கும் கிடைக்கும் துப்பாக்கிகளும் கம்மி. இவற்றைத் திருத்தியிருக்கலாம். திருத்துவது வேறு, அடுக்குகளையே பொருளற்றதாக்குவது வேறு.

சோல்ஜர் ராஜா என்ற பேச்சுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஆம், சோல்ஜர் எல்லாவற்றையும் சுட்டே முடிப்பார். ஷீல்டுக்கு ஒரு தோட்டா வகை, ஆர்மருக்கு ஒரு தோட்டா வகை, நேரத்தையே மெதுவாக்கும் ‘அட்ரினலின் ரஷ்’. யாருடைய உதவியும் வேண்டாம். என் கணக்கில் அதனால்தான் தொடரிலேயே சப்பென்று இருக்கும் கிளாஸ் அது. பயோவேரே வெளியிட்ட விவரங்களின்படி ஆட்டக்காரர்கள் அதிகம் எடுப்பதும் சோல்ஜரைத்தான். அதாவது சமநிலையைப் பற்றிய ஊர்த்தீர்ப்பில் பெரும்பகுதி, தோழர்கள் தேவைப்படாத ஒரு கிளாஸின் கண்வழியாகப் பார்த்து எழுதப்பட்டது. அங்கிருந்து பார்த்தால் மற்ற ஐந்தும் ஊனமாகத்தான் தெரியும்.

சேதப் பட்டியல்களின் அருமை பெருமையையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். நொடிக்கு எவ்வளவு சேதம் என்று துப்பாக்கிகளை வரிசைப்படுத்தும் பட்டியல்கள் ஏராளம். ‘மாட்டொக்’ என்ற துப்பாக்கி தனி விற்பனையில் பின்னால் சேர்க்கப்பட்டது. ஒரு விசைக்கு ஒரு குண்டு, ஒரு கிளிப்புக்கு 16. தாளில் பார்த்தால் நல்ல துப்பாக்கி, அவ்வளவே. சோல்ஜர் கையில் அதுவே அட்டகாசம். காரணம் எளிது: அட்ரினலின் ரஷ்ஷில் உலகம் மெதுவாகிறது, ஆடுபவரின் விரல் மெதுவாவதில்லை. துப்பாக்கியின் வேகம் விரலின் வேகம் என்பதால் எதிரி ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் கிளிப்பே காலி. ‘விடோ’ ஸ்னைப்பரில் ஒரு கிளிப்புக்கு ஒரே குண்டு. மறைந்து நின்று சுடும் இன்ஃபில்ட்ரேட்டருக்கு அது போதும். ‘கிளேமோர்’ ஷாட்கன்னும் ஒற்றைக் குண்டுதான். மின்னல்போல் பாய்ந்து எதிரியின் மூக்குக்கு முன் போய் நிற்கும் வான்கார்டுக்கு அந்த ஒன்று பட்டால் வேலை முடிந்தது, படாவிட்டால் அவர் கதையும் முடிந்தது. இவற்றை ஒரே வரிசையில் நிறுத்தி எது பெரியது என்று கேட்பதில் பொருளே இல்லை. ஆயுதத்தின் எடை அதை ஏந்தும் கிளாஸைப் பொறுத்தது.

இரண்டாம் பாகம் இதை உணர்ந்தே செய்தது என்பதற்குக் கலெக்டர் கப்பலில் வரும் அந்தத் தேர்வே சாட்சி. ஆட்டத்தின் நடுவில், எதிரிக் கப்பலின் வயிற்றுக்குள், ஷெப்பர்டுக்கு ஒரே ஒரு புதிய ஆயுதத் தேர்ச்சி கிடைக்கிறது. அடெப்டும் என்ஜினியரும் சென்டினலும் அதுவரை தொடமுடியாத ஒரு வகையைக் கற்கலாம்: ஷாட்கன்னா, ஸ்னைப்பரா, அசால்ட் ரைஃபிளா? துப்பாக்கியோடு பிறந்த மற்ற மூவரும் தங்கள் வகையில் உச்சமானதை வாங்கலாம். சோல்ஜருக்கு 80 குண்டு கொண்ட ‘ரெவனன்ட்’ உண்டு. எதை எடுத்தாலும் மற்றது கைநழுவும். அதுவரை கைத்துப்பாக்கியோடு காலம் தள்ளிய அடெப்டின் கையில் முதன்முதலாக ஸ்னைப்பர் வரும்போது அதற்கு ஒரு கனம் இருக்கிறது. மூன்றாம் பாகத்தில் அதே ஸ்னைப்பர் முதல் சில மணிநேரங்களிலேயே தரையில் கிடக்கிறது. குனிந்து எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

மூன்றாம் பாகம் வெறுமனே கதவைத் திறந்துவிடவில்லை, விலையும் வைத்தது என்பார்கள். வைத்தது: எடை. சுமக்கும் துப்பாக்கிகள் கூடக்கூட சக்திகள் மீளும் வேகம் குறையும். 200 சதவீதம் கூடுதலில் தொடங்கி 200 சதவீதம் குறைவு வரை அந்த முள் ஓடும். காகிதத்தில் புத்திசாலித்தனமான ஏற்பாடு. நடைமுறையில் என்ன நடந்தது? பயோட்டிக் ஆட்டக்காரர் ஒரே ஒரு இலேசான துப்பாக்கியை மாட்டிக்கொண்டு முள்ளை உச்சியில் வைக்கிறார். எடை குறைக்கும் உதிரிப் பாகம் போட்டால் இன்னும் நல்லது. அதன்பிறகு ஒரு சக்தியால் எதிரியைப் பதப்படுத்து, இன்னொன்றால் வெடிக்க வை, மறுபடி பதப்படுத்து, மறுபடி வெடிக்க வை. எதிரியின்மேல் என்ன உறை இருக்கிறது என்பதைப் பெரிதாகப் பார்க்க வேண்டியதில்லை. செர்பரஸ் படைவீரனுக்கும் அதே இரண்டு பொத்தான், ரீப்பர்களின் ராட்சத ‘புரூட்’டுக்கும் அதே இரண்டு பொத்தான். கைக்கு இதமான சண்டை என்றால் தொடரில் இதுதான், மறுக்கவில்லை. வான்கார்ட் தன் பேரியரையே வெடிகுண்டாக்கும் ‘நோவா’வைப் போலக் குஷியான விஷயம் முந்தைய பாகங்களில் இல்லை. ஆனால் லியாராவும் கேரஸும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒரு சண்டை முடிந்ததும் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

இங்கே இரண்டு எதிர்வாதங்கள் வரும். ஒன்று பலவீனமானது: பிடிக்காவிட்டால் எடுக்காதே, அடெப்டுக்கு விடோ வேண்டாம் என்றால் தரையிலேயே விட்டுவிடு. நானே எனக்கு விதித்துக்கொள்ளும் விரதத்துக்கு ஆட்டம் பதில் சொல்லாது. எல்லாக் கிளாஸும் எல்லாவற்றையும் செய்யும் என்று எண்ணிச் செய்யப்பட்ட எதிரிகள், நான் விரதம் இருக்கிறேன் என்பதற்காக வேறு கேள்வி கேட்கப் போவதில்லை.

மற்றொன்று வலுவானது: மூன்றாம் பாகத்தின் கூட்டாட்டம். நான்கு பேர் சேர்ந்து 10 அலைகளைத் தாண்டி, 11ஆவதில் தப்பித்து வெளியேற வேண்டும். அங்கே பயோவேர் ஆட்டத்துக்குப் புது வடிவம் வெளியிடாமலேயே துப்பாக்கிகளின் எண்களை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருந்தது. வெடிகுண்டு சுடும் ‘கிரைசே’ ஸ்னைப்பர் வந்தபோது ஒருவர் அதை வைத்துக்கொண்டு மொத்த அலையையும் தானே துடைத்துவிடுவார். மற்ற மூவரும் ஓடி வந்து சேர்வதற்குள் சுடுவதற்கு ஆளிருக்காது. அதை நெர்ஃப் செய்தார்கள், அதாவது வலுவைக் குறைத்தார்கள். சரியாகத்தான் செய்தார்கள், நானும் கைதட்டியிருப்பேன். சமன்படுத்துவது அவசியம் என்று இதைவைத்துச் சொல்கிறவர்கள், அது ஏன் அவசியமானது என்று இன்னொரு முறை பார்க்கட்டும். கிரைசேயின் குற்றம் அதிகச் சேதம் செய்தது என்றால், எதிரிகளைத் தவிர யாருக்கு நஷ்டம்? பக்கத்தில் நிற்கும் மூன்று மனிதர்களின் வேலையை அது பறித்தது. அதுதான் குற்றம். அதே அளவுகோலைத் தனியாட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்: எல்லா ஆயுதமும் எல்லாருக்கும் என்ற விதி லியாராவின், தாலியின், கேரஸின் வேலையைப் பறிக்கிறது. அவர்கள் வாய்திறந்து புகார் செய்யமாட்டார்கள் என்பதால் அது சீர்திருத்தம் என்று பெயர் வாங்கிவிட்டது.

ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் ஒரே நகர்வைக் கொடுத்து யாரும் சமநிலை செய்யவில்லை. புலி வெட்டும், ஆடு வெட்டாது. ஆடு பல, புலி சில. அந்த ஏற்றத்தாழ்வை எடுத்துவிட்டால் கட்டம் மட்டும்தான் மிஞ்சும்.

2017இல் வந்த ஆண்ட்ரோமெடா இந்தப் பாதையின் அடுத்த நிறுத்தம். அங்கே கிளாஸே கிடையாது. நாயகருக்கு எல்லாத் திறமையும் கற்கக் கிடைக்கும். பழைய கிளாஸ் பெயர்கள் ‘ப்ரொஃபைல்’ என்ற பெயரில் சட்டைபோல மாட்டிக் கழற்றப்படும், சண்டைக்கு நடுவிலேயேகூட. ஒரே நேரத்தில் மூன்று சக்திகள்தான் என்ற கட்டுப்பாடு ஒன்று மிச்சமிருந்தது. அந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளவும் வழி உண்டு. ஓடவும் தாவவும் பறக்கவும் அருமையான ஆட்டம். தோழர்களிடம் இன்ன சக்தியை இன்னார்மேல் போடு என்று சொல்லும் ஆணைச் சக்கரத்தை அதில் தேடினேன், இல்லை. எங்கே நிற்பது, யாரைத் தாக்குவது என்று மட்டும் சொல்லலாம். நாயகரே எல்லாம் செய்யும்போது மற்றவரிடம் எதைச் சொல்ல? இரண்டையும் சேர்த்து ஆட்டக்காரர் சுதந்திரம் என்று விற்றார்கள். தோழர்கள் ஆழமில்லாதவர்கள் என்று குறைபட்ட அதே வாய்கள்தான் கிளாஸ் தடை நீங்கியதைப் பாராட்டின. முதலாவதற்கு இரண்டாவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பயோவேர் அடுத்த மாஸ் எஃபெக்டைச் செய்துகொண்டிருக்கிறது. அது வெளிவந்த அன்றே துப்பாக்கிகளின் சேதப் பட்டியல் தயாராகிவிடும், எந்தக் கிளாஸ் ‘ஓவர்பவர்டு’ என்ற சண்டையும் தொடங்கிவிடும். நான் முதலில் அந்தப் பட்டியலைத் திறக்க மாட்டேன். புதிய ஆட்டம் தொடங்கி, கையில் ஆயுதம் கிடைத்த முதல் சண்டையில் ஆட்டத்தை நிறுத்திப் பார்ப்பேன்: ஆணைச் சக்கரம் திறக்கிறதா, அதில் என்னிடம் இல்லாத ஏதாவது என் பக்கத்தில் நிற்பவரிடம் இருக்கிறதா என்று.